நாலு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில்

திருப்பூரில் அரசுத் தொடக்கப்பள்ளியின் கடைசி மணி சாயங்காலம் நாலு மணியை ஒட்டி அடிக்கிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் வேலையை முடித்து எழும்போது இரவு எட்டரை. காலையிலும் இதே இடிபாடுதான். எட்டரைக்கு அவள் கம்பெனிக்குள் இருக்க வேண்டும், பள்ளி தொடங்குவதோ ஒன்பதுக்கு மேல். சொந்த ஊர்க் குடும்பமாக இருந்தால் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், எதிர்வீட்டு அக்கா ஒரு கண் வைத்துக்கொள்வாள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கிய குடும்பத்துக்கு அந்த நாலரை மணி நேரத்தில் யாரும் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகளின் கல்வி உரிமை என்றதும் சேர்க்கை, சான்றிதழ், மொழி, பாடநூல் என்று பலவும் பேசப்படுகின்றன. எல்லாமே பேச வேண்டியவை. ஆனால் சிறுதொழில் நகரங்களைப் பொறுத்தவரை சிக்கலின் வேர் இந்த நாலரை மணி நேரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதை அவிழ்க்கும் வழியை இதே திருப்பூர், வேறொரு நெருக்கடியில், தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். பருத்தி இழையும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும் மின்னேற்றம் கொண்டவை. உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழையோடு ஒட்டும். ஒட்டவைத்த வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் சாயத்தண்ணியோடு வெளியே வந்துவிடும். நிறத்தை நீக்கிவிடலாம், நாற்றத்தைப் போக்கிவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. 1985 வாக்கில் சுமார் 15 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏற ஏற, அந்த உப்பெல்லாம் நொய்யலில் இறங்கியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பகுதிகளில் 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்கான அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டை ஆயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. தென்னை காய்ந்தது.

அந்த விவசாயிகள்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு விவசாயிகள் பக்கமே நின்றது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை அதில் அடித்தளமாக இருந்தது. அதற்குப் பிறகும் உத்தரவு நடைமுறைக்கு வராததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. நிட்டிங் ஓடியது, தைக்கத் துணி இல்லை. வெளியூரில் சாயமேற்றிக் கொண்டுவந்து ஆர்டரை முடித்தவர்கள் உண்டு. முடிக்க முடியாமல் கம்பெனியை விற்றவர்களும் உண்டு. கைக்காசை வைத்துக்கொண்டு பட்டறை நடத்திய சிறியவர்கள் பலர் அந்த அடியிலிருந்து எழவே இல்லை. இதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள்? ஆர்.ஓ. முறையில் கழிவுநீரிலிருந்து பெரும்பகுதி நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பட்டறைக்கே குழாயில் அனுப்பினார்கள். மிஞ்சிய உப்புக்கரைசலை எவாப்ரேட்டரில் காய்ச்சி உப்பை எடுத்தார்கள். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தக் கரைசலையே சுத்தமாக்கி மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை கைகூடியது. கழிவில் கிடந்த உப்பு மூலப்பொருளாகத் திரும்பி வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தந்தது. தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் பழைய வின்ச் தொட்டிகளின் இடத்தைப் பிடித்தன. இதில் மிச்சமிருக்கும் குறைகளை மறைக்கத் தேவையில்லை. எவாப்ரேட்டரை ஓட்ட விறகும் நிலக்கரியும் எரிகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் குவிந்து கிடக்கிறது. மழை வந்தால் நொய்யல் இன்னமும் சில இடங்களில் நுரைக்கிறது. ஆனாலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் கொண்ட ஒரு தொழில் நகரம் தன் கழிவுநீரை முழுதாகச் சுற்றிப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்குள் வந்தது சாதாரணக் காரியம் அல்ல.

இந்தப் புதுமையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆர்.ஓ. சவ்வு இல்லை, கணக்குப் புத்தகம். எந்தச் சாயப்பட்டறையாலும் தனியாக இத்தகைய நிலையத்தைக் கட்ட முடியாது. வீரபாண்டி, ஆண்டிபாளையம், சின்னக்கரை, மண்ணரை என்று பகுதி பகுதியாகப் பட்டறைகள் சேர்ந்து, தாங்களே பங்குதாரர்களாக ஒரு நிறுவனம் அமைத்து, விடும் தண்ணீரின் அளவுக்கேற்பக் காசு கட்டின. அந்தச் செலவு சாயக்கூலியில் ஏறியது. கிலோ துணிக்கு இவ்வளவு என்று கணக்கில் வந்ததும் அது விலையின் பகுதியாயிற்று, வாங்குபவர் வரைக்கும் போயிற்று. சிறுதொழிலுக்குத் தனித்தனியே தோள் கிடையாது. சேர்ந்தால் உண்டு.

இதே ஊரில் சத்தமில்லாமல் நடக்கும் மற்றப் புதுமைகளும் அப்படித்தான். கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணியை, பனியன் வேஸ்ட் என்று மூட்டை கட்டி, நிறவாரியாகப் பிரித்து, அரைத்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்களில் மீண்டும் நூலாக்குகிறார்கள். நிறம் ஏற்கெனவே துண்டில் இருப்பதால் மறுபடி சாயம் போட வேண்டாம், உப்பும் வேண்டாம். பிரிப்பவர், அரைப்பவர், நூற்பவர் எல்லாரும் தனித்தனிச் சிறு முதலாளிகள். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளில் பின்னலாடை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை நிறைய.

இனி ஆட்களுக்கு வருவோம். திருப்பூரின் முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தொழில் கற்று, கூட்டுச் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியவர்கள். ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் வெளிவந்த தன் நூலில் உழைப்பையே முதலாக்கிக்கொண்ட இந்தப் பயணத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வட்டம் விரிந்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது ஊரே பதறியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துப் போனது. இந்தத் தொழிலாளர் இல்லாமல் தையல் மேசைகள் ஓடாது என்பது அந்த ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. 2024-25 நிதியாண்டில் இந்த ஊரின் ஏற்றுமதி 40 ஆயிரம் கோடி ரூபாய் அளவை எட்டியது. அந்தத் தொகையில் அவர்கள் கையும் இருக்கிறது.

முதலில் வந்தவர்கள் தனியாட்களான இளைஞர்கள். ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி, காசு சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு கல்யாணமானவர்கள் மனைவியோடு வந்தார்கள், பிள்ளைகளும் வந்தார்கள். தொழில் அவர்களை இன்னமும் தனியாட்களாகவே எண்ணி நடத்துகிறது. வாடகை, ஷிப்ட், வாரச் சம்பளம் எல்லாம் பிள்ளையில்லாத ஒருவருக்கென்று போட்ட ஏற்பாடு.

சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, நல்ல இடமே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது. அது எந்த மாநிலத்துக் குழந்தை என்று சட்டம் கேட்பதில்லை. புலம்பெயர்ந்த குடும்பக் குழந்தைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று ஒன்பதாம் பிரிவு தனியாகவே சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன படிப்புக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிவைக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். இவை எந்தத் தலைமையாசிரியரின் பெருந்தன்மையையும் சார்ந்தவை அல்ல. ஆனால் இரவு எட்டரைக்கு வேலை முடியும் பெற்றோருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? பள்ளிக்குப் போய்ப் பேச அரை நாள் விடுப்பு வேண்டும். பீஸ் ரேட்டில் அரை நாள் விடுப்பு என்றால் அரை நாள் கூலி.

சேர்ந்த பிறகு மொழி. தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ கூறுகிறது. கல்வி உரிமைச் சட்டமும் இயன்ற வரையில் தாய்மொழி என்கிறது. நம் ஊரில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளை மொத்தமாக 'இந்திக்காரப் பசங்க' என்று சொல்லிவிடுகிறோம். ஒடியாவோ வங்கமோ பேசும் குழந்தைக்கு இந்தி தாய்மொழி இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் வீட்டில் சந்தாலி பேசலாம், பீகார்க்காரர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசலாம். ஒரு வகுப்பில் இப்படி நாலு மொழி இருந்தால் ஒரு இந்தி ஆசிரியரை நியமிப்பது தீர்வாகாது. இங்கேயே தங்கி வளரப்போகும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தமிழ் தெரிந்த குழந்தைதான் தெருவில் விளையாடும், கடைக்குப் போகும், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும். ஆனால் அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பக்கூடிய பிள்ளைக்குத் தன் எழுத்தும் கைவிட்டுப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குழந்தைகளுக்குப் பணியிடத்திலேயே மையம் அமைத்து, ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடநூல்களை வரவழைத்துக் கற்பித்தார்கள். சூளை பருவகாலத் தொழில், மழை தொடங்கினால் ஊருக்குத் திரும்புவார்கள், ஆகவே அங்கே அது சரியாகப் பொருந்தியது. ஆண்டு முழுக்க ஓடும் பனியன் தொழிலுக்கு இரண்டு மொழியும் வேண்டும்.

தொழிலாளர் சட்டங்களில் தேடினால் ஏமாற்றமே. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களையே பார்த்தது. இடப்பெயர்வுப் படி, பயணப்படி, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் அதில் உண்டு, குழந்தையின் படிப்பு இல்லை. அதை உள்ளடக்கி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் தானாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் கட்டாயமாக இருந்த குழந்தைகள் காப்பகம், இப்போது ஐம்பது தொழிலாளர் இருந்தால் என்று ஆகியிருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்று கணக்கில் வரவே இருபது பேர் வேண்டும். திருப்பூரின் உடம்பே ஜாப் ஒர்க் தான். ஓவர்லாக் நாலு, ஃப்ளாட்லாக் இரண்டு, செக்கிங் மேசை ஒன்று என்று பத்துப் பதினைந்து பேரோடு நடக்கும் அலகுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு டீ ஷர்ட் எட்டு இடம் மாறித் தயாராகிறது. அந்த எட்டு இடத்திலும் ஆட்கள் குறைவு. தலையை எண்ணிக் கடமை விதிக்கும் சட்டம் அந்த எட்டு இடத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. காப்பகம் கிடைத்தாலும் ஆறு வயதோடு முடிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் சாயங்காலத்துக்கு எந்தத் தொழிலாளர் சட்டத்திலும் வரி இல்லை.

வெளிநாட்டு பையர்கள் ஆடிட் அனுப்புகிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்த ஆடிட் இறுகியிருக்கிறது. ஜெர்மனி 2023 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டமே போட்டது. ஆடிட்டர் வந்து தீயணைப்புக் கருவியைப் பார்ப்பார், கழிப்பறையைப் பார்ப்பார், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் மேசையில் இருக்கிறாரா என்று பார்ப்பார். குழந்தை கம்பெனிக்குள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அந்தக் குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது அவர் படிவத்தில் இல்லை. பல சமயம் அது வீட்டில் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டுவைத்த வாசல் வழியே பீஸ் மூட்டைகள், தொழிலாளர் வரிசையாக வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளுக்குள் போகின்றன. பதினாலு வயதுக்கு மேல் கல்வி உரிமைச் சட்டமும் கை விட்டுவிடும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிறாள். ஓரிரு ஆண்டில் அவளும் செக்கிங்குக்குப் போவாள்.

மற்ற ஊர்கள் செய்ததைப் பார்க்கலாம். பிளைவுட் ஆலைகள் நிறைந்த கேரளத்தின் பெரும்பாவூர் திருப்பூரைப் போன்றே அசாம், வங்க, ஒடிசாத் தொழிலாளரால் ஓடும் சிறுதொழில் ஊர். அந்த ஊர் இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் 'ரோஷ்ணி' தொடங்கியது. பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளி தொடங்குமுன் கூடுதல் வகுப்பு எடுத்தார்கள். குழந்தையின் மொழியில் ஆரம்பித்து மலையாளத்துக்குக் கொண்டுபோகும் முறை. காலை உணவும் உண்டு. செலவுக்குக் கொச்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் கை கொடுத்தது. பெரியவர்களுக்கு மலையாளம் கற்பிக்கக் கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்திய 'சங்ஙாதி' பெரும்பாவூரிலேயே தொடங்கியது. நண்பன் என்று பொருள்படும் அந்தப் பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது. வேலைக்கு வந்தவருக்கும் படிக்கும் உரிமை உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. நம்மிடம் வருகிறவர்களுக்குத் தையல் இயந்திரம் ஓட்டும் பயிற்சி அரசுத் திட்டங்களில் கிடைக்கிறது. சம்பளச் சீட்டை வாசிக்கும் அளவுக்குத் தமிழ் கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டுவோர் பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஆலைப் பக்கத்திலேயே 'சாகர் சாலா' நடந்தது. பெற்றோர் புறப்படும்போது பிள்ளையை ஊரிலேயே வைத்துக்கொள்ள ஒடிசாவில் பருவகால விடுதிகள் உண்டு. குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதால் கடைசி வழியாகவே அதைச் சொல்வேன்.

தமிழ்நாடு அரசின் இரண்டு திட்டங்கள், புலம்பெயர்ந்தோரை மனத்தில் வைத்துத் தொடங்காவிட்டாலும், அவர்களுக்குப் பெரிதும் உதவக்கூடியவை. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், எட்டரை ஷிப்டுக்குக் கிளம்பும் தாயின் காலைச் சிக்கலைப் பாதியாவது தீர்க்கிறது. 2021-இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' சாயங்காலத்தில் தெருவுக்கே தன்னார்வலரைக் கொண்டுவந்தது. ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் சரியான நேரம்.

மீதி மூன்று மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? பள்ளி அரசின் கடமை, அதை முதலாளி தலையில் வைக்கக் கூடாது என்பார்கள். ஏற்கிறேன். ஆனால் நாலு மணிக்குப் பிறகான நேரத்தை உண்டாக்குவது ஒன்றரை ஷிப்ட். அடிப்படைக் கூலி ஒரு ஷிப்டில் வீட்டுச் செலவுக்குப் போதாததால் தொழிலாளியும் அந்த அரை ஷிப்டை விரும்பிக் கேட்கிறார். அந்த நேரத்தில் தைத்த துணியையும் சேர்த்துத்தான் கப்பல் ஏறுகிறது சரக்கு. சாயத்தண்ணி எப்படித் தொழிலின் கழிவோ, ஆளில்லாத வீட்டில் கழியும் பிள்ளையின் சாயங்காலமும் இந்தத் தொழில் வெளியே தள்ளிவிட்ட செலவே. ஒன்றுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டோம், மற்றதற்கு இன்னும் எழுதவில்லை.

சிறு அலகுகளிடமிருந்து இதற்குப் பணம் திரட்ட முடியுமா என்றால், நம் நாட்டிலேயே நடந்தது. 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டத்தின்படி தயாரான பீடி மீது தீர்வை வசூலிக்கப்பட்டது. நெல்லை, தென்காசி வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பெண்களின் பிள்ளைகளுக்கு அந்த நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை வந்தது. ஒரு வீட்டில் எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை, எத்தனை ஆயிரம் பீடி என்றே எண்ணினார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. ஆனால் முறை சரியான முறை. கட்டடத் தொழிலாளர் நல வாரியமும் கட்டடச் செலவின் மீதான தீர்வையில்தான் நிற்கிறது. பின்னலாடையில் பீஸ் எண்ணிக்கையை வைத்து, ஏற்றுமதிப் பில்லில் சிறு தொகை பிடித்தால், ஜாப் ஒர்க் அலகு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் தொழிலாளியின் பிள்ளை கணக்குக்குள் வந்துவிடும்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் தள்ளாடியது உண்மை. இப்படிப்பட்ட காலத்தில் புதுச் செலவா என்று கேட்பவரின் கவலை பொய்யில்லை. 2011-லும் இதே கேள்வி இதைவிடக் கூர்மையாக இருந்தது, விடை கண்டார்கள். ஆர்டர் குறையும்போது முதலில் போவது அரை ஷிப்ட், பிறகு குடும்பம் ஊருக்கு ரயில் ஏறும், பிள்ளையின் படிப்பு நடு ஆண்டில் அறுந்துபோகும். திரும்பி வரும் தொழிலாளி வேண்டுமென்றால் அவர் பிள்ளைக்கு இங்கே ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது வியாபாரக் கணக்கிலும் நிற்கும் வாதம். இருந்தாலும் அந்த வாதத்தை நம்பி நான் இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது உரிமை என்பதே எனக்குப் போதும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. நொய்யலுக்கு ஆயக்கட்டுதாரர் இருந்தார்கள். நிலம் இருந்தது, பட்டா இருந்தது, சங்கம் இருந்தது, ஓட்டு இருந்தது. லைன் வீட்டுப் பிள்ளைக்காக வழக்குப் போட அவள் பெற்றோருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த இடத்தில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் மாநகராட்சியும் நிற்க வேண்டியிருக்கிறது. பஞ்சப்படியும் பயணப்படியும் பேசும் அதே கூலி ஒப்பந்த மேசையில் பிள்ளைகளுக்கான சாயங்கால மையமும் ஒரு கோரிக்கையாக வர வேண்டும்.

வீரபாண்டியிலோ மண்ணரையிலோ ஒரு மையத்தை மனத்தில் வைத்துப் பாருங்கள். லைன் வீடுகளுக்கு நடந்துபோகும் தூரம். நாலு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடும். சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிடக் கிடைக்கும். ஒடியா தெரிந்த ஒருவர், இந்தி தெரிந்த ஒருவர், தமிழ் சொல்லித்தர ஒருவர். இதற்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கைக்குழந்தை இருப்பதால் கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் ஒரு பெண், பக்கத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் தன் வாசலில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் தாய்மார்கள் அவள் கையில் கொஞ்சம் காசு கொடுக்கிறார்கள்.